இசைக்கு ஒரு முசாபர்கானா

பாரசீக மொழி உலகுக்கு வழங்கிய சொற்களுள் 'கார்வான் ஸராய்' என்பதும் ஒன்று. ஒட்டகங்களோடும் சரக்குகளோடும் பாலை கடந்து செல்லும் வணிகக் கூட்டம் இரவில் இறங்கித் தங்கும் வழிமனை என்பது அதன் பொருள். நம்மூர்களில் முசாபர்கானாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சமர்கந்திலிருந்து வந்தவன் ஒரு மூலையில் மூட்டையைச் சாய்ப்பான். பக்தாதுக்குப் போகிறவன் மறுமூலையில் அடுப்பு மூட்டுவான். நடுமுற்றத்தில் கிணறு ஒன்று. அது எவருக்கும் சொந்தமன்று. விடிந்தால் அவரவர் வழி அவரவர்க்கு. உமர் கய்யாம் இவ்வுலகையே அத்தகைய பழைய வழிமனையாகக் கண்டதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

இச்சொல்லைத் தம் இசைத்தட்டுக்குப் பெயராகச் சூட்டிய மேலைநாட்டு ராக் இசைக்குழு ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். குழுவின் பெயர் சான்டானா. இசைத்தட்டு, 1972 ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'காரவன்செராய்'.

ராக் இசை என்றதும் நம்மவர் பலர் முகஞ்சுளிப்பர். அச்சுளிப்பு முற்றும் நியாயமற்றது என்று வாதாட நாம் முன்வரவில்லை. மின்விசையின் பலத்தால் மட்டும் நிற்கும் இரைச்சலும், இளமையின் திமிரைக் காசாக்கும் வணிகமும் அதில் நிறையவே உண்டு. ஆயினும் ஒரு கலையை அதன் கழிவைக் கொண்டு எடைபோடுவது திறனாய்வாகாது. சான்டானா குழுவைப் பொறுத்தவரை நாம் கூற விரும்புவது இது: அதன் புகழ் இருக்கும் இடம் வேறு, அதன் மதிப்பு இருக்கும் இடம் வேறு. புகழைத் தந்தவை முதல் மூன்று இசைத்தட்டுகள். மதிப்பைத் தந்தது, அப்புகழைப் பணயம் வைத்துப் பிரேசில் நாட்டின் தாளங்களிடம் அது பாடம் கேட்கப் போன இரண்டு மூன்று ஆண்டுகள்.

குழுவின் தலைவர் கார்லோஸ் சான்டானா, மெக்சிகோ நாட்டின் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஆவுட்லான் என்ற சிற்றூரில் 1947 இல் பிறந்தவர். தந்தை மரியாச்சி என்னும் நாட்டுப்புற இசையில் வயலின் வாசித்துப் பிழைத்தவர். மகனுக்கும் முதலில் வயலினையே கற்றுக்கொடுத்தார். இது சிறு செய்தியன்று. கிட்டார் நரம்பு மீட்டியவுடன் ஒலித்து மங்கும் இயல்புடையது. வயலினோ வில் ஓடும்வரை அழும். கார்லோஸின் கிட்டாரில் ஒரே சுரம் நீண்டு, நடுங்கி, மூச்சு முட்டும்வரை நிற்பதைக் கேட்டவர்கள், அந்தப் பழைய வில் அவர் கையை விட்டு நீங்கவேயில்லை என்பதை உணர்வர்.

எல்லைப்புறத் தீஹுவானாவின் தெருக்களிலும் விடுதிகளிலும் வாசித்துப் பழகி, பின் கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வந்து, 1966 இல் அவர் தொடங்கியதுதான் இக்குழு. அதில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தாலே அது எத்தகைய வழிமனை என்பது விளங்கும். டிம்பாலே என்னும் உலோக முரசங்களை முழக்கிய ஹோசே சேப்பிட்டோ ஏரியாஸ் நிகராகுவா நாட்டவர். காங்கா முழவு வாசித்த மைக்கேல் கராபெல்லோ போர்ட்டோ ரீக்கோ வழிவந்தவர். ஆர்கன் வாசித்துப் பாடிய கிரெக் ரோலி வெள்ளை அமெரிக்கர். தாழ்சுரக் கிட்டாருக்கு உரியவரான டேவிட் பிரௌன் கறுப்பு அமெரிக்கர். தாளக்கருவித் தொகுதியின் முன் அமர்ந்த மைக்கேல் ஷ்ரீவ், 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் திருவிழா மேடையேறியபோது இருபது வயது நிரம்பிச் சில வாரங்களே ஆகியிருந்த இளைஞர்.

அவர்கள் வாசித்த பொருள்களும் பல திசையிலிருந்து வந்தவையே. முதல் தட்டில் உள்ள 'ஜிங்கோ', நைஜீரியாவின் முழவிசைக் கலைஞர் பாபதுண்டே ஒலாதுஞ்சியுடையது. 1970 இல் வெளிவந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'அப்ராக்ஸஸ்' தட்டின் மூன்று உருப்படிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஆங்கிலேயர் பீட்டர் கிரீன் இயற்றியது. அதனோடு ஒட்டி வருவது ஹங்கேரி நாட்டுக் கிட்டார்க் கலைஞர் காபோர் ஸாபோவினது. மற்றொன்று நியூயார்க்கில் வாழ்ந்த போர்ட்டோ ரீக்கோ வழியினரான டீட்டோ புவெந்தேயுடையது. இவ்வளவும் சேர்ந்த ஒரு தட்டைக் கலவை என்று பாராட்டாதவர் இல்லை.

நாமும் பாராட்டுகிறோம், ஒரு வரம்போடு. இத்தட்டுகளில் கியூபத் தாளம் ராக் இசைக்குத் தூவப்பட்ட மசாலா போன்றது. சுவை கூடுகிறது, உணவு மாறவில்லை. அடியில் கிடப்பது ராக் இசையின் நான்கெண்ணிக்கை நடைதான். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் விழும் வன்மையான அடி, எத்தனை முழவுகள் சுற்றிச் சுழன்றாலும் தன் இருக்கையை விட்டு எழுவதில்லை. காங்காவும் டிம்பாலேயும் அந்த எசமானனுக்கு அழகாகச் சேவகம் செய்கின்றன. விருந்தினர் வந்திருக்கிறார்கள், வீட்டின் ஒழுங்கு வீட்டுக்காரனுடையது. பிறர் தாளத்தை எடுத்தாள்வது ஒன்று. பிறர் தாளத்தால் தன் நடையே மாறுவதற்கு இடங்கொடுப்பது மற்றொன்று. முன்னதற்கு ரசனை போதும். பின்னதற்குத் துணிவு வேண்டும்.

அத்துணிவைக் கற்றுத்தந்தது பிரேசில். அதன் தாளத்தின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும்.

கியூப இசை கிளாவே என்னும் ஐந்தடி முறையின்மேல் நிற்பது. ஒரு பாதியில் மூன்றடி, மறுபாதியில் இரண்டடி. இரு மரக்குச்சிகளை மோதி எழுப்பும் அந்த ஒலியே பூட்டுக்குத் திறவுகோல் போல எல்லாக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும். பிரேசிலின் சாம்பாவில் அவ்வாறு ஒரே திறவுகோல் கிடையாது. இரண்டெண்ணிக்கை நடை அது. சுர்டோ என்னும் பெருமுரசு இரண்டாவது எண்ணிக்கையில்தான் ஆழ்ந்து முழங்கும். முதல் எண்ணிக்கை இலேசாகக் கடந்து போகும். ஆகவே கேட்பவன் கால் ஊன்றப் போகும் இடத்தில் தரை சற்று விலகிக் கொடுப்பது போன்ற ஓர் உணர்ச்சி. சுர்டோ என்ற சொல்லுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் செவிடு என்று பொருள். அத்தனை மந்தமான, ஆழமான ஒலி. அதன்மேல் சிறு கருவிகள் ஓயாது மணலுதிர்வது போல் ஓடிக்கொண்டிருக்கும். ஈரத்துணியால் உட்குச்சியைத் தேய்க்க அழுகையும் சிரிப்புமாய்க் கீச்சிடும் குயீக்கா ஒன்று. ஒற்றைக் கம்பி பூட்டிய வில்லில் சுரைக்குடுக்கை கட்டிய பெரிம்பாவ் ஒன்று. சிறு சதங்கைத் தட்டுகள் கோத்த வட்டப்பறையான பாண்டெய்ரோ ஒன்று.

இவ்வட்டப்பறையை நம் வாசகர்கள் புதிதென எண்ண வேண்டா. பக்கீர்மார் கையில் நாம் கண்ட தாயிராவுக்கு அது தூரத்து உறவு. போர்த்துக்கல் நாட்டார் தம் சதுரப்பறையை இன்றும் 'அடுஃபே' என்றே அழைக்கின்றனர். அரபியரின் 'அத்துஃப்' என்ற சொல் ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் விட்டுச்சென்ற தடம் அது. இன்னொரு செய்தியையும் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ ஐம்பது லட்சம் ஆப்பிரிக்கர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். பாஹியா மாநிலத்துச் சால்வடோர் நகரில் 1835 ஜனவரியில், ரமளான் மாதத்தில், அவர்கள் தலைமையேற்று நடத்திய கிளர்ச்சியை மாலே கிளர்ச்சி என்று அந்நாட்டு வரலாறு குறிக்கிறது. சாம்பாவுக்கு நாம் உரிமை கொண்டாடுவதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. அதன் வேர்கள் பெரிதும் வேறு ஆப்பிரிக்க மக்களுடையவை. அத்தாளங்கள் எத்தகைய கப்பல்களில் வந்தன என்பது கேட்பவர் நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே சொன்னோம். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888 இல்தான்.

இச்சாம்பாவைத் தணித்து, கிட்டார் ஒன்றும் மென்குரல் ஒன்றுமாகச் சுருக்கி, ஜாஸ் இசையின் நுண்ணிய சுரக்கூட்டுகளைச் சேர்த்து 1958 அளவில் ரியோ நகரில் பிறந்தது போஸா நோவா. ஆந்தோனியோ கார்லோஸ் ஜோபிம் இயற்ற, ஜோவாவ் ஜில்பர்ட்டோ பாடினார். சில ஆண்டுகளில் அமெரிக்கா அதனை வாரி அணைத்துக்கொண்டது. அணைப்பில் பாதி உயிரும் போயிற்று. உணவு விடுதிகளிலும் மின்தூக்கிகளிலும் பின்னணியாய் ஒலிக்கும் இனிப்புப் பண்டமாக அது மாறியதை அறியாதார் இல்லை. ஜோபிமே 1970 இல் 'கல்மலர்' என்று பொருள்படும் பெயரில் வேறுவகைத் தட்டொன்றை வெளியிட்டார். இனிப்பு குறைந்தது, இருள் கூடியது. சான்டானா குழு கைவைத்தது பிரபலமான கடற்கரைப் பாட்டின்மேல் அன்று, இந்தக் கல்மலரின்மேல். அத்தேர்வு ஒன்றே அவர்களுடைய செவியின் தரத்துக்குச் சான்று.

இனி 'காரவன்செராய்' தட்டுக்கு வருவோம். உறையில் பாலைவனமும் ஒட்டகச் சாரியும் பெரியதொரு சூரியனும். தட்டு சுழலத் தொடங்கியதும் கேட்பது கிட்டாரன்று. இரவுப் பூச்சிகளின் ஒலி. பிறகு ஹாட்லி காலிமனின் சாக்சஃபோன் தனியே ஒரு வாக்கியம் பேசுகிறது. ராக் இசை வாங்கக் காசு கொடுத்த இளைஞர்கள் எவ்வளவு திகைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். முதல் உருப்படியின் பெயர் மறுபிறவிகளின் முடிவிலாப் பயணக்கூட்டத்தைச் சொல்கிறது. அக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவ்விசை சொல்வது கொள்கையை அன்று, இருட்டில் நகரும் ஒரு கூட்டத்தை. அதனை ஏற்பதில் நமக்குத் தடையில்லை.

பத்து உருப்படிகளில் மூன்றில்தான் பாட்டு வரிகள் உள்ளன. மற்றவை கருவியிசையே. முன்னைய தட்டுகளில் பாட்டுக்குப் பின்னால் நின்ற தாளக்கருவிகள் இங்கே முன்முற்றத்துக்கு வந்துவிடுகின்றன. அங்கே நமக்கொரு புதியவர் எதிர்ப்படுகிறார்: அர்மாண்டோ பெராசா. கியூபாவில் 1924 இல் பிறந்து, ஜாஸ் மேடைகளில் கால் நூற்றாண்டு பழுத்தவர். இருபத்துமூன்று வயது ஷ்ரீவுக்குப் பக்கத்தில் நாற்பத்தெட்டு வயதுப் பெராசா. வயதில் இளைய குழுவொன்று தன்னிலும் அறிந்த முதியவரை அழைத்து நடுவில் உட்காரவைப்பது ராக் உலகில் நாள்தோறும் நிகழ்வதன்று. அவரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுந்து போகவில்லை.

இரண்டாம் பக்கத்தில் உள்ளது 'கல்மலர்'. ஜோபிமின் மூலத்தில் சொற்கள் இல்லை. கார்லோஸும் ஷ்ரீவும் சில வரிகள் சேர்த்திருக்கிறார்கள். அவ்வரிகளைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல ஏதுமில்லை. சொல்ல வேண்டியது நடையைப் பற்றி. ராக் இசையின் அந்த வன்மையான இரண்டாம் நான்காம் அடிகளைத் தேடிப் பாருங்கள்; அவை கரைந்து போயிருக்கும். ஷ்ரீவின் கைகள் அடிப்பதை விட்டு வருடத் தொடங்கியிருக்கின்றன. காங்காவும் டிம்பாலேயும் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுந்து நிரப்ப, முழுவதும் ஒரே துணியாக நெய்யப்படுகிறது. கார்லோஸ் நெடுநேரம் காத்திருக்கிறார். தம் பெயர் தாங்கிய குழுவில் தாம் வாசிக்காமல் காத்திருப்பது தலைவனுக்கு எளிதன்று. கடைசியில் கிட்டார் நுழையும்போது அது மேடைக்கு வரும் அரசனைப் போல் வரவில்லை; ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பேச்சில் ஒரு சொல் சேர்ப்பவனைப் போல் வருகிறது. கருவிகள் கியூபாவினுடையவை, இயற்றியவர் பிரேசில்காரர், வாசிப்பவர்கள் நான்கைந்து நாட்டு வழியினர். ஆயினும் இது இன்னாருடைய இசை என்று எந்த நாட்டையும் சுட்ட முடியாதபடி ஒன்றாகிவிட்டது. 'அப்ராக்ஸஸ்' எட்டாத இடம் இது.

இதனை அடுத்து வரும் உருப்படியின் பெயர் தாளத்தின் ஊற்று என்று பொருள்படும். அதன் வேகம் பெயருக்குப் பொருத்தம். 'காற்றின் பாட்டு' என்பதில் கார்லோஸும் இளைஞர் நீல் ஷோனும் மாறி மாறிக் கிட்டாரில் பேசுகிறார்கள். தந்தையின் வயலின் இங்கே முழுதாகத் திரும்பி வந்துவிடுகிறது. பிரபஞ்ச அன்பைப் பாடும் உருப்படியோ இசையாகத் தொடங்கிப் போதனையாக முடிகிறது. அதனை விட்டிருந்தாலும் குறையில்லை.

இத்தேர்வுக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. அப்போது கொலம்பியா நிறுவனத் தலைவராயிருந்த கிளைவ் டேவிஸ், இத்தட்டை வெளியிடுவது தொழில்வாழ்வில் தற்கொலை செய்துகொள்வதற்குச் சமம் என்று எச்சரித்தார். வணிகர் என்ற முறையில் அவர் கணக்குப் பொய்க்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு தட்டுகள் முதலிடம் பிடித்த குழுவுக்கு, இம்முறை எட்டாம் இடம். பாடகர் ரோலியும் நீல் ஷோனும் விலகி, 1973 இல் ஜர்னி என்ற குழுவைத் தொடங்கினர். அது பின்னாளில் பெரும்பொருள் ஈட்டியது. டேவிட் பிரௌனும் கராபெல்லோவும் முன்னரே பிரிந்திருந்தனர். வுட்ஸ்டாக்கில் நின்ற அறுவரில் மிஞ்சியவர் மூவரே.

மிஞ்சியவர்கள் பின்வாங்கவில்லை. 1973 இல் வந்த 'வெல்கம்' தட்டில் பிரேசில் நாட்டுப் பாடகி ஃப்ளோரா பூரிம் ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்தார். அதே தட்டில் 'சாம்பா டி சௌசாலிட்டோ' என்றொரு சிறு உருப்படி உண்டு. சௌசாலிட்டோ கலிபோர்னியாவில் உள்ள ஊர், சாம்பா பிரேசிலுடையது, இயற்றிய ஏரியாஸோ நிகராகுவா நாட்டவர். இத்தட்டிலேயே ஆங்கிலேயக் கிட்டார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினும் வாசித்திருக்கிறார். பிற்பாடு சக்தி என்ற குழுவில் விக்கு விநாயகராமின் கடத்தோடு வாசித்தவர் இவரே என்பதைத் தமிழ்நாட்டு இசை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1974 இல் வெளிவந்தது 'போர்போலெட்டா'. வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் அது. ஃப்ளோரா பூரிமோடு அவர் கணவர் ஏர்ட்டோ மொரேராவும் இதில் கலந்துகொண்டார். தென்பிரேசிலில் 1941 இல் பிறந்த ஏர்ட்டோ, மைல்ஸ் டேவிஸின் குழுவிலும் வெதர் ரிப்போர்ட் குழுவின் முதல் தட்டிலும் வாசித்தவர். குயீக்காவையும் பெரிம்பாவையும் அமெரிக்க ஜாஸ் மேடைக்குப் பழக்கப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். இத்தட்டின் தொடக்கமும் முடிவும் அவர்கள் இருவர் கையில். காட்டின் ஒலிகள், பெயர் தெரியாத சிறு கருவிகளின் சலசலப்பு, சொல்லற்ற பெண்குரல். இடையில் வரும் சோல் பாணிப் பாட்டுகள் சாதாரணமானவை. வேறு எந்தக் குழுவும் பாடியிருக்கக் கூடியவை. ஆனால் கடைசிக்கு முந்திய உருப்படி ஒன்றுக்காக இத்தட்டை வைத்துக்கொள்ளலாம். 'ஒரு மீனவனின் நேர்ச்சை' என்பது அதன் பெயர்; இயற்றியவர் பாஹியாவின் பெரும் பாடலாசிரியர் டோரிவால் காய்மி. கடலுக்குப் போனவன் மீண்டு வருவானோ என்ற ஏக்கத்தைச் சுமந்த அம்மெட்டை எட்டு நிமிடங்களுக்கு மேல் சொல்லின்றியே கிட்டாரில் எழுப்புகிறார் கார்லோஸ். மாலே கிளர்ச்சி நடந்த அதே சால்வடோர் நகரம்தான் காய்மி பிறந்த ஊர்.

விற்பனை மேலும் சரிந்தது. 1976 இல் 'அமிகோஸ்' தட்டோடு குழு ஆட்டமேடைக்குத் திரும்பியது. அதன் பின்னரும் நல்ல வாசிப்புகள் உண்டு. தேடிச் செல்லும் பசி இல்லை.

கதையின் விந்தையான பகுதி பிறகு வந்தது. 1999 இல் 'சூப்பர்நேச்சுரல்' என்ற தட்டு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. மறு ஆண்டு அதற்கு ஒன்பது கிராமி விருதுகள். அதனை முன்னின்று உருவாக்கியவர் வேறெவருமல்லர், 1972 இல் எச்சரித்த அதே கிளைவ் டேவிஸ். பாட்டுக்கொரு புகழ்பெற்ற பாடகர் என்று விருந்தினர் பலர் அதில் வந்து போகிறார்கள். பலநாட்டுக் கலப்பு என்று பத்திரிகைகள் கொண்டாடின. நமக்கு அது ஒரு நவீன உணவு விடுதியாகவே படுகிறது. ஒவ்வொருவருக்கும் தனியறை, கதவுக்குப் பூட்டு, வாசலில் பெயர்ப்பலகை. எல்லா அறைகளிலும் ஒரே கிட்டார் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறது. 1972 இன் வழிமனையில் அறைகளே இல்லை. எல்லாரும் ஒரே முற்றத்தில் உலை வைத்தார்கள்; ஒருவர் புகை மற்றவர் கண்ணில் பட்டது; சிலர் பொறுக்காமல் எழுந்து போனார்கள்.

இக்குழுவைப் புதிதாகக் கேட்க விழையும் நம் வீட்டுப் பிள்ளைகள் 1999 இலிருந்துதான் தொடங்குவார்கள், அதில் தவறில்லை. அதன்பின் 'கல்மலர்' உருப்படியைக் கேட்கட்டும். பிறகு ஜோபிமின் 1970 ஆம் ஆண்டு மூலத்தையும் ஒருமுறை கேட்டுவிட்டு, மீண்டும் இதனிடம் வரட்டும். இரண்டாம் முறை கேட்கையில் அவர்கள் காது முதலில் தேடுவது கிட்டாரை அன்று, ஏரியாஸின் கைகளை.